பொம்மிடி வானம் இரவில் எத்தனை டிகிரி?

மே மாதத்தில் இஷா முடிந்து வீட்டுக்கு வந்து, பாயும் தலையணையுமாக மொட்டை மாடிக்கு ஏறும் பழக்கம் பொம்மிடிப் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. ஏறியவுடன் பெரியவர்கள் முதலில் அண்ணாந்து பார்ப்பார்கள். நட்சத்திரம் தெரிந்தால் பாயை விரிப்பார்கள். மூட்டமாக இருந்தால், "இன்னிக்கு வெக்கை இறங்காது" என்று முணுமுணுப்பார்கள். காற்றே இல்லாத இரண்டு இரவுகளில், ஒன்றில் நட்சத்திரமும் மற்றொன்றில் மேகமும் இருந்தால், தூக்கம் வருவது முதல் இரவில்தான்.

அந்தப் பெரியவர்கள் சொல்வது முழுக்க முழுக்க இயற்பியல். இரவில் நம் மாடி வானத்துக்கு வெப்பத்தை அனுப்புகிறது. வானமும் நம் மாடிக்கு வெப்பத்தை அனுப்புகிறது. இந்தக் கொடுக்கல் வாங்கலில் யாருக்கு எவ்வளவு மிச்சம் என்பதைப் பொறுத்தே நம் தூக்கம் அமைகிறது. இதைக் கணக்கிட உலகம் முழுவதும் விஞ்ஞானிகள் நூறு ஆண்டுகளுக்கு மேலாக முயன்று வருகிறார்கள். அந்த முயற்சியின் மிகச் சுவையான ஓர் அத்தியாயம் நம் நாட்டில்தான் எழுதப்பட்டது.

சூடான எந்தப் பொருளும் கண்ணுக்குத் தெரியாத ஒளியை வெளியிடுகிறது. அகச்சிவப்புக் கதிர் என்பது அதுதான். கொரோனா காலத்தில் கடை வாசலிலும் பள்ளிவாசல் வாசலிலும் நெற்றிக்கு நேராக ஒரு கருவியை நீட்டினார்களே, நினைவிருக்கிறதா? அது நம்மைத் தொடவில்லை. நம் நெற்றி வெளியிட்ட அகச்சிவப்புக் கதிரை வாங்கி, அதிலிருந்து வெப்பநிலையைச் சொன்னது. ஏசி மெக்கானிக்குகள் வைத்திருக்கும் இதே வகைக் கருவி பூஜ்யத்துக்குக் கீழேயும் காட்டும். அதை ஒரு தெளிந்த இரவில் தலைக்கு நேர் மேலே வானத்தை நோக்கிப் பிடித்துப் பாருங்கள். காற்று 28 டிகிரியில் இருக்கும்போது, வானம் அதைவிட எவ்வளவோ குளிராக இருப்பதாகக் காட்டும். அப்படியே கையைத் தாழ்த்தி அடிவானம் நோக்கிக் கொண்டு வந்தால் எண் ஏறிக்கொண்டே வரும். மேகம் ஒன்று குறுக்கே வந்தால் சட்டென்று ஏறும். பிள்ளைகளுக்கு விடுமுறையில் செய்து காட்ட இதைவிட எளிய சோதனை கிடையாது. பகலில் மட்டும் வேண்டாம். சூரியன் பக்கம் கருவியையோ கண்ணையோ திருப்பக் கூடாது.

கருவி அப்படி எதைத்தான் பார்க்கிறது? காற்றில் பெரும்பகுதி நைட்ரஜனும் ஆக்சிஜனும். இவை இரண்டும் நம் வெப்பக் கதிரைக் கண்டுகொள்வதே இல்லை. நூற்றில் 99 பங்கு இருப்பவர்கள் சும்மா இருக்க, மிச்சமிருக்கும் சொற்பப் பேர்தான் வேலை பார்க்கிறார்கள். முதலாவது நீராவி. அடுத்தது கார்பன் டை ஆக்சைடு. கொஞ்சம் ஓசோன். இவை தமக்குரிய குறிப்பிட்ட அலைநீளங்களில் மட்டும் கதிரை உறிஞ்சும், அதே அலைநீளங்களில் திருப்பி உமிழும். கார்பன் டை ஆக்சைடுக்கு 15 மைக்ரான் அருகே. ஓசோனுக்கு 9.6 மைக்ரான் அருகே. நீராவிக்கு 6.3 மைக்ரான் அருகேயும், பிறகு 20 மைக்ரானுக்கு மேலேயும். இடையில் 8 முதல் 13 மைக்ரான் வரை ஏறத்தாழத் திறந்து கிடக்கிறது. அதைச் 'சன்னல்' என்றே அழைக்கிறார்கள். நம் மாடியின் வெப்பம் அந்தச் சன்னல் வழியாகத்தான் விண்வெளிக்குத் தப்பிக்கிறது. கையில் பிடிக்கும் கருவிகளும் பெரும்பாலும் அந்தச் சன்னல் வழியாகவே பார்ப்பதால், முழு வானத்தின் சராசரியைவிடக் கூடுதல் குளிரையே அவை காட்டும்.

காற்றில் நீராவி கூடினால் சன்னல் பாதி சாத்திய மாதிரி. மேகம் வந்தால் முழுதாகச் சாத்திய மாதிரி. மேகம் இந்தக் கதிருக்கு ஒரு சுவர். தன் அடிப்பகுதியின் வெப்பநிலைக்கு ஏற்ற கதிரை அது கீழே அனுப்பிக்கொண்டே இருக்கும்.

வானம் அனுப்பும் இந்தக் கதிரை எப்படிக் கணக்கிடுவது? முறையாகச் செய்வதென்றால் வேலை பெரிது. காற்று மண்டலத்தைப் பல அடுக்குகளாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வோர் அடுக்கின் வெப்பநிலை, ஈரம், அழுத்தம் தெரிய வேண்டும். மேலிருந்து வரும் கதிரில் ஓரளவை அடுக்கு விழுங்கும், தன் பங்குக்குச் சிறிது உமிழும், மிச்சத்தைக் கீழே உள்ள அடுக்கிடம் தள்ளும். இதை ஒவ்வோர் அலைநீளத்துக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். வாயுக்கள் எந்தெந்த அலைநீளங்களை எவ்வளவு விழுங்கும் என்ற பட்டியல் ஹைட்ரான் என்ற பெயரில் 1970களில் இருந்து வெளிவருகிறது. அமெரிக்க விமானப்படையின் ஆய்வுக்கூடத்தில் தொடங்கிய வேலை அது. இன்று அதில் பல லட்சம் கோடுகள் இருக்கின்றன. விமானப்படைக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். ஏவுகணையின் வெப்பத்தை வானத்தின் வெப்பத்திலிருந்து பிரித்து அறியத்தான். அறிவியலில் பல நல்ல பட்டியல்கள் இப்படிப்பட்ட காரணங்களுக்காகத்தான் தயாராகியிருக்கின்றன.

கணினி இல்லாத காலத்தில் குறுக்கு வழி ஒன்று கண்டுபிடித்தார்கள். கீழே வரும் கதிரில் பெரும்பகுதி நமக்கு மேலே உள்ள சில நூறு மீட்டர் காற்றிலிருந்தே வருகிறது. ஆகவே தரையில் வெப்பநிலையும் ஈரமும் தெரிந்தால் போதும், வானத்தை ஓரளவு ஊகித்துவிடலாம். 1932இல் பிரிட்டனின் டேவிட் பிரண்ட் கொடுத்த வாய்பாடு இப்படித்தான் பிறந்தது. காற்றில் உள்ள நீராவியின் அழுத்தத்தை மில்லிபாரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 0.065 ஆல் பெருக்கி, 0.52 ஐக் கூட்டினால் வானத்தின் உமிழ்திறன் கிடைக்கும். உமிழ்திறன் 1 என்றால், காற்றின் வெப்பநிலையில் எவ்வளவு முடியுமோ அவ்வளவையும் வானம் உமிழ்கிறது என்று பொருள். 0.75 என்றால் அதில் முக்கால் பங்கு.

நம் ஊருக்குப் போட்டுப் பார்ப்போம். இவை அளந்த எண்கள் அல்ல, கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. ஜனவரி இரவு, காற்று 18 டிகிரி, ஈரப்பதம் 60 விழுக்காடு. உமிழ்திறன் ஏறத்தாழ 0.75 வருகிறது. வானம் சதுர மீட்டருக்கு 305 வாட் அனுப்புகிறது. காற்றின் வெப்பநிலையிலேயே இருக்கும் தரையோ 407 வாட் வரை அனுப்பும். நிகர இழப்பு 100 வாட்டுக்குச் சற்று மேல். வானத்தை ஒரு திடமான கூரையாக நினைத்துக்கொண்டால், அந்தக் கூரையின் வெப்பநிலை பூஜ்யத்துக்கு 2 டிகிரி கீழே! சேர்வராயன் மலையடிவாரத்தில், பொம்மிடி ரயில் நிலையத்தில் ஜனவரி இரவில் நிற்பவரின் தலைக்கு மேல் உறைபனிக் கூரை ஒன்று விரிந்திருக்கிறது என்று அர்த்தம். விடியற்காலையில் பைக் சீட்டில் பனித்துளி கோத்திருப்பதும், ஷெட்டுக்குள் நிறுத்திய பைக்கில் அது இல்லாததும் இதனால்தான். ஷெட் வண்டி வானத்தைப் பார்ப்பதில்லை.

இப்போது மே மாதம். காற்று 28 டிகிரி, ஈரப்பதம் 70 விழுக்காடு. உமிழ்திறன் 0.85. வானம் அனுப்புவது 398 வாட். கூரையின் வெப்பநிலை 16 டிகிரி. நிகர இழப்பு 68 வாட்டாகச் சுருங்கிவிடுகிறது. சன்னல் பாதி சாத்தியாயிற்று.

இந்தக் குளிர்ந்த கூரையை நம் நாட்டவர் பயன்படுத்தியும் இருக்கிறார்கள். அலகாபாத் பக்கத்தில் குளிர்கால இரவுகளில், ஆழமில்லாத குழி வெட்டி, அதில் கரும்புச் சக்கையும் சோளத்தட்டும் பரப்பி, மேலே மெருகிடாத மண் தட்டுகளில் தண்ணீர் ஊற்றி வைப்பார்கள். விடியும் முன் பனிக்கட்டி தயார். காற்று உறைநிலைக்கு மேலே இருந்தபோதே தண்ணீர் உறைந்தது. 1775இல் ராபர்ட் பார்க்கர் என்ற ஆங்கிலேயர் இதை லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதி அனுப்பினார். அன்று காரணம் தெளிவாகவில்லை. 1814இல் வில்லியம் சார்லஸ் வெல்ஸ் என்ற மருத்துவர் பனித்துளி பற்றிய தன் நூலில், வெப்பம் வானத்துக்குப் போவதே காரணம் என்று நிறுவினார். பனிக்கட்டி செய்த அந்தத் தொழிலாளர்களுக்கு, சக்கையைப் பரப்பினால் தரையின் சூடு மேலே ஏறாது என்பதும், மேகமும் காற்றும் உள்ள இரவில் தட்டை வைத்துப் பயனில்லை என்பதும் அவருக்கு முன்பே தெரிந்திருந்தது.

இனி அந்த அத்தியாயத்துக்கு வருவோம். பாலக்காட்டில் பிறந்து, சி.வி. ராமனிடம் ஆய்வு செய்து, பூனா வானிலைத் துறையில் விவசாய வானிலைப் பிரிவை வளர்த்தவர் எல்.ஏ. ராம்தாஸ். அவரும் எஸ். ஆத்மநாதனும் காற்றில்லாத, தெளிந்த இரவுகளில் தரைக்கு மேலே வெவ்வேறு உயரங்களில் வெப்பநிலையை அளந்தார்கள். தரைதான் வானத்துக்கு வெப்பத்தை இழக்கிறது, ஆகவே தரைதான் மிகக் குளிராக இருக்க வேண்டும் என்பது அன்றைய பாடம். அவர்கள் கண்டது வேறு. மிகக் குளிர்ந்த இடம் தரையில் இல்லை. தரைக்குச் சில பத்து சென்டிமீட்டர் மேலே, ஏறக்குறைய முழங்கால் உயரத்தில், காற்றுக்குள் இருந்தது. தரை அதைவிடச் சில டிகிரி வெதுவெதுப்பாக இருந்தது.

1932இல் இதை வெளியிட்டபோது பலரும் நம்பவில்லை. நம்பாததற்கு நியாயமும் இருந்தது. குளிர்ந்த காற்று கனமானது. சூடான காற்றுக்கு மேலே அது நின்றால் உடனே கீழே இறங்கிக் கலந்துவிட வேண்டும். அது எப்படி மணிக்கணக்கில் அந்தரத்தில் நிற்கும்? தெர்மாமீட்டரில் கோளாறு என்றார்கள், பக்கத்து இடத்திலிருந்து குளிர்காற்று வழிந்து வந்திருக்கும் என்றார்கள். ஆனால் 1950களில் ராஷ்கே என்ற ஜெர்மானியர் பூனாவிலேயே நுணுக்கமான கருவிகளோடு அளந்து அதையே கண்டார். பிறகு வேறு நாடுகளிலும் கண்டார்கள். இன்று அதற்கு ராம்தாஸ் அடுக்கு என்றே பெயர்.

நடப்பது உண்மை என்று ஆயிற்று. ஏன் நடக்கிறது என்பதற்கு மேலும் பல பத்தாண்டுகள் ஆயின. 1993இல் பெங்களூரைச் சேர்ந்த வாசுதேவ மூர்த்தி, ஜே. ஸ்ரீநிவாசன், ரொத்தம் நரசிம்மா மூவரும் ஒரு கோட்பாட்டைத் தந்தார்கள். தரைக்கு அருகே உள்ள ஈரக்காற்று தானே அகச்சிவப்புக் கதிரை உமிழ்ந்து, தரையைவிட வேகமாகக் குளிர்கிறது, அந்தக் குளிர்ச்சி கலப்பை ஈடுகட்டுகிறது என்றார்கள். கணக்கு அளவீடுகளோடு அழகாகப் பொருந்தியது. உலகமும் ஏற்றுக்கொண்டது.

அதோடு முடியவில்லை. சுமார் இருபது ஆண்டுகள் கழித்து, அதே பெங்களூரில் ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆராய்ச்சி மையத்தில் கே.ஆர். ஸ்ரீநிவாஸ், கணேஷ் சுப்ரமணியன் குழுவினர் அந்தக் கணக்கை மீண்டும் பிரித்துப் பார்த்தார்கள். தரை, தன்மீது விழும் வானக் கதிரில் சிறு பகுதியைத் திருப்பி அனுப்புகிறது. அந்தத் திரும்பிய கதிர் எல்லா அலைநீளத்திலும் ஒரே மாதிரி இருக்காது. சன்னல் பகுதியில் மெலிந்தும், நீராவிப் பகுதியில் செறிந்தும் இருக்கும். எல்லா அலைநீளத்தையும் ஒரே எண்ணாகச் சுருக்கிய பழைய கணக்குமுறை இந்த வேறுபாட்டைத் தவறவிட்டிருந்தது. அதனால் தரையருகே இல்லாத ஒரு பெருங்குளிர்ச்சி காகிதத்தில் தோன்றியிருந்தது. திருத்திப் போட்டால் அந்தக் குளிர்ச்சி காணாமல் போனது. அப்படியானால் ராம்தாஸ் கண்டது? அவர்கள் திறந்த வெளியிலும் ஆய்வுக்கூடத்திலும் அளந்து பார்த்துச் சொன்ன விடை: தரையை ஒட்டி மிதக்கும் நுண்தூசியும் துகள்களும். வாயுக்களைப் போலல்லாமல், சன்னல் பகுதியிலும் கதிரை உமிழக் கூடியவை அவை. தூசி நிறைந்த அந்த மெல்லிய அடுக்கு தன் வெப்பத்தை வானத்துக்கு அனுப்பிவிட்டு முழங்கால் உயரத்தில் குளிர்ந்து நிற்கிறது.

சரியான விடையைத் தந்த ஒரு கணக்கு, தவறான காரணத்தால் அந்த விடையைத் தந்திருந்தது. இது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. வானிலைக் கணிப்பில் இது சிறிய விஷயமும் அல்ல. குளிர்காலத்தில் வடஇந்திய ரயில்களை மணிக்கணக்கில் நிறுத்தி வைக்கும் மூடுபனி, தரையை ஒட்டிய இந்தச் சில மீட்டர் காற்றில்தான் பிறக்கிறது. அது எத்தனை மணிக்குக் கவியும் என்று சொல்ல, இந்தக் கதிர்க் கணக்கு பிசகக் கூடாது.

தரையில் நின்றுகொண்டு வானத்தை ஒரு கணக்கால் பிடிக்கும் முயற்சிக்கு நம்மவர் வரலாற்றிலும் ஒரு முன்னோடி உண்டு. 11ஆம் நூற்றாண்டு அந்தலூஸில் வாழ்ந்த இப்னு முஆத் அல்ஜய்யானீ, விடியல் வெளிச்சம் தொடங்கும்போது சூரியன் அடிவானத்துக்கு எத்தனை டிகிரி கீழே இருக்கிறது என்பதை வைத்து, காற்று மண்டலத்தின் உயரத்தைக் கணித்தார். ஃபஜ்ர் நேரத்தைக் கணக்கிடுகிற அதே கோணம்தான். அவருக்குக் கிடைத்தது ஏறத்தாழ 52 மைல். இந்த நூலை இப்னு அல்ஹைதம் எழுதியதாக இன்றும் பலர் பகிர்கிறார்கள். அது தவறு என்று ஆய்வாளர் ஏ.ஐ. சப்ரா 1967இலேயே காட்டிவிட்டார். பகிர்வதற்கு முன் பெயரைத் திருத்திக்கொள்வோம்.

மீண்டும் மாடிக்கு. நாலரை அங்குல கான்கிரீட் தளம் மே மாத மாலையில் 45 டிகிரியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது 35 டிகிரிக்கு இறங்க, சதுர மீட்டருக்குச் சுமார் 24 லட்சம் ஜூல் வெப்பத்தை விட வேண்டும். மேலே சொன்ன தெளிந்த மே வானத்துக்கு அது நொடிக்கு 140 ஜூல் வீதம் இழக்கும். வேறு வழியில் எதுவும் போகாது என்று கொண்டால், ஏறக்குறைய 5 மணி நேரம். மஹ்ரிபில் தொடங்கினால் இரவு பதினொன்றரை. தாழ்ந்த மேகம் மூடியிருந்தால் இழப்பு 92 ஆகக் குறையும், 7 மணி நேரத்துக்கு மேல் ஆகும். இரவு இரண்டு மணி. காற்று வீசினால் இது குறையும். ஆனால் தளத்தின் வெப்பம் மேலே மட்டும் போவதில்லை, கீழே அறைக்குள்ளும் இறங்குகிறது. கீழே படுத்திருக்கும் வயதான அத்தாவுக்கும் கைக்குழந்தைக்கும் அந்த இரண்டரை மணி நேரம் சின்ன விஷயம் இல்லை. பகல் வெயிலில் களைத்த உடம்பு தேறுவது இரவில்தான்.

இதில் நம் கையில் இருப்பது என்ன? வெள்ளைச் சுண்ணாம்பு. அது வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்புகிறது, அதே சமயம் அகச்சிவப்புக் கதிரை நன்றாக உமிழ்கிறது. இரண்டும் வேண்டும். பளபளக்கும் புதுத் தகரமும் அலுமினியமும் வெயிலைத் திருப்பினாலும் உமிழ்வதில் கஞ்சம். ஏறிய சூட்டை அவை எளிதில் விடுவதில்லை. 2014இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் ஆஸ்வத் ராமன், ஷான்ஹுயி ஃபான் குழுவினர் இந்த இரண்டு குணங்களையும் உச்சத்துக்குக் கொண்டுபோய், சன்னல் பகுதியில் மட்டும் உமிழும் ஒரு மெல்லிய பூச்சை உருவாக்கினார்கள். நேரடி வெயிலில், மின்சாரமே இல்லாமல், சுற்றியுள்ள காற்றைவிட 4.9 டிகிரி குளிர்ந்து நின்றது அது. நம் போன்ற ஈரமான வானத்தின் கீழே அவ்வளவு பலன் கிடைக்காது என்பதை மேலே உள்ள கணக்கே சொல்லும். விலை கூடிய 'கூலிங் பெயிண்ட்' விளம்பரங்களைப் பார்க்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

பலரும் செய்யும் ஒரு தவறு உண்டு. மாடியில் நிரந்தரமாகக் கீற்றுப் பந்தலோ பச்சை வலையோ போட்டுவிடுகிறோம். பகலில் அது நல்லது. இரவில் அதே பந்தல் மாடிக்கும் வானத்துக்கும் நடுவே நிற்கும் செயற்கை மேகம். சுருட்டி விலக்கும்படி வலையைக் கட்டி, மஹ்ரிபுக்குப் பின் விலக்கிவிட்டு, காலையில் வெயில் ஏறும் முன் மீண்டும் இழுத்துவிட வேண்டும். எங்கள் வீட்டில் இரண்டு கோடைகளாக இப்படித்தான் செய்கிறோம். ஒரே தொல்லை, காலையில் இழுத்துவிட யாராவது மறந்துவிடுகிறார்கள்.

தண்ணீர்த் தொட்டிக்கும் இது பொருந்தும். கறுப்பு பிளாஸ்டிக் டேங்க் பகலெல்லாம் வெயிலைக் குடித்திருக்கும். ஆயிரம் லிட்டர் தண்ணீர் கான்கிரீட்டைவிடவும் மெதுவாகத்தான் சூட்டை விடும். மே மாதத்தில் ஃபஜ்ருக்கு உளூ செய்யக் குழாயைத் திறந்தால் வெதுவெதுப்பாக வருவது அதனால்தான். அந்த நேரத்தில் மாடித் தரையில் வெறுங்காலை வைத்துப் பாருங்கள், அது தண்ணீரைவிடக் குளிர்ந்திருக்கும்.